பூட்டிய வீட்டில் ஆளில்லை

புயல் வருகிறது என்றால் மாட்டை அவிழ்த்து விட்டுவிட வேண்டும். கட்டிப் போட்டால் கொட்டகை அதன் மேலேயே விழும். ஆட்டுக்கு அப்படி இல்லை. ஆட்டை விட்டால் பயந்துபோய் எந்த முள்ளுக்குள்ளாவது ஓடிச் சிக்கிக்கொள்ளும், அதைக் கையோடு ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். கோழிக்குப் பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் போதும், மேலே ஒரு கல்லை வைத்துவிடலாம்.

அய்யா, ஸ்டேஷன் ரைட்டரைக் கூப்பிட்டு நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னீர்கள். நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐம்பத்தோரு வயதில், சாயங்காலம் வேலை விட்டு வந்து, பள்ளிக்கூடத்தில் லாவண்யா டீச்சரிடம் எழுதப் படித்தவன் நான். எழுத்து பெரிசு பெரிசாக இருக்கும், தாள் கொஞ்சம் கூட ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பூமாலை. கூரை வேலை. கருப்பஞ்சோகை வேய்வேன், கீற்று வேய்வேன், இப்போது எல்லாரும் தகரத்துக்குப் போய்விட்டதால் அதையும் போடுவேன். ஜெயங்கொண்டத்திலிருந்து மீன்சுருட்டி வரைக்கும் நான் ஏறாத கூரை கொஞ்சம்தான் இருக்கும். என் பெண்சாதி காத்தாயி. புயலன்று சுவர் விழுந்தபோது அவள் எப்படி வீட்டுக்குள் இருந்தாள் என்று கேட்கிறீர்கள். ஊரில் என் மகள் வெற்றிச்செல்வியைத்தான் பேசுகிறார்கள். பெற்ற தாயை ஒரு நாள் வைத்துக்கொள்ள முடியாமல் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று எழவு வீட்டிலேயே ஒருத்தி சொன்னாள். மகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அது மேல் ஒரு தப்பும் கிடையாது. அதைச் சொல்லத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். மற்றது எல்லாம் அதோடு சேர்ந்து வருகிறது.

திங்கட்கிழமை காலையிலேயே தலையாரி பழனிவேல் தெருவில் சொல்லிக்கொண்டு போனார். புதன்கிழமை மதியத்துக்கு மேல் புயல் கரை ஏறும், நம்ம பக்கமும் காற்று பலமாக இருக்கும், மண்சுவர், கூரை, தகரம் எல்லாம் காலி பண்ணிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்றார். அந்தப் புயலுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அது வாயில் நுழையவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் எனக்கு மூச்சு விட நேரமில்லை. எங்கள் தெருவில் பதினாலு வீடு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வந்து நின்றார்கள். கூரை மேல் கயிறு போட வேண்டும் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. கயிற்றைச் சுவரிலோ தூணிலோ கட்டக் கூடாது. காற்று கூரையைத் தூக்கும்போது சுவரையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். தரையில் முளை அடித்து அதில்தான் கட்ட வேண்டும். உரச்சாக்கில் மண்ணை அள்ளி முகட்டுக்கு இரண்டு பக்கமும் தொங்கவிட வேண்டும். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு அடித்த பிளக்ஸை எல்லாரும் வைத்திருப்பார்கள், அதை மேலே போர்த்தலாம். பாப்பாயி வீட்டுக் கூரையில் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் கும்பிட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர் ஓட வாரி வெட்டுவது. மண்சுவரைக் காற்று தள்ளாது அய்யா. தண்ணீர்தான் தள்ளும். சுவர் அடியில் இரண்டு மணி நேரம் தண்ணீர் நின்றால் போதும், அடிமண் கூழாகிவிடும், அப்புறம் ஒரு காற்று வந்தால் உட்கார்ந்துவிடும். அதனால் சுவரை விட்டு முக்கால் அடி தள்ளிச் சுற்றிலும் வாரி வெட்டி, தண்ணீரை ரோட்டுப் பக்கம் திருப்பிவிட வேண்டும். பதிமூன்று வீட்டுக்கு வெட்டினேன். அந்தப் பதிமூன்றில் ஒரு சுவரும் விழவில்லை. நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டுப் பாப்பாயி எனக்குத் தங்கச்சி முறை. மண்வெட்டியோடு நான் அவள் வீட்டுப் பின்னால் நின்றபோது, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஊரு கூரைக்கெல்லாம் கயிறு போடுற. உன் வூட்டுக் கூரை பல்ல இளிச்சிக்கிட்டு நிக்கிது. அத எப்பண்ணே பாக்கப் போற?"

"கடைசியா பாத்துக்குவம் தங்கச்சி."

"அண்ணி நல்லாருந்தா இந்நேரம் உன்னக் கூரையோட சேத்துக் கட்டியிருக்கும்."

உண்மைதான். காத்தாயி வாய்க்கு ஊரே பயப்படும். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கப் போன இடத்தில் மேஸ்திரிக்கே பட்டப்பெயர் வைத்தவள். மழை பெய்தால்தான் என் ஞாபகம் ஊருக்கு வருகிறது என்று என்னைக் கூரை என்றே கூப்பிடுவாள். "யோவ் கூர, சோறு வேணுமா வேணாமா" என்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு விடியற்காலை, பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாக்கும் இழுத்துக்கொண்டது. அவ்வளவு வார்த்தையும் போய் நாலைந்துதான் மிச்சம். தண்ணி. வலி. வேணாம். திருப்பு.

திருப்பு என்பதுதான் அதிகம். ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தது. பகலில் வேலைக்குப் போனால் நடுவில் ஒரு தடவை சைக்கிளில் வந்துவிட்டுப் போவேன். அதனால் தூரத்து வேலைக்குப் போக முடியாது. இரவில் திருப்பு என்பாள், எழுந்திருப்பேன். புரட்டுவேன், துணி மாற்றுவேன், படுப்பேன். கண் அசரும்போது மறுபடி திருப்பு என்பாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒரு புண் வந்ததில்லை. ஆஸ்பத்திரியிலேயே ஆச்சரியப்பட்டார்கள்.

மகளை வாலிகண்டபுரத்தில் கொடுத்திருக்கிறது. மருமகன் ரஞ்சித்குமார் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தங்கமான பிள்ளை. அவர் வீட்டில் ஒரே அறை, அதில் அவருடைய அம்மா, இரண்டு பிள்ளைகள். அம்மாவைக் கொஞ்ச நாள் கொண்டுவந்து விடுங்கள் என்று மகள் பலமுறை சொல்லியிருக்கிறது. நான்தான் வேண்டாம் என்றேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம் ஐப்பசியில் விடாமல் மழை பெய்து ஓடை உடைத்துக்கொண்டபோது எங்கள் தெருவையே பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். காத்தாயியை நான்தான் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு வகுப்பறைக்கு ஒன்பது குடும்பம். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அவளுக்கு வயிறு போய்விட்டது. மறைக்க ஒரு புடவைகூட இல்லை. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. சின்னப்பிள்ளை என்கிற பொம்பளை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, "பச்சப் புள்ளைங்க சோறு திங்கிற எடம். வூட்லயே வச்சிருக்கக் கூடாதா" என்று பொதுவாகச் சொன்னாள். அந்தம்மா மேல் கோபமில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். நான் கழுவித் துடைத்தேன். காத்தாயி கண்ணைத் திறக்கவே இல்லை. வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து போட்டதும் என் சட்டையை இடது கையால் பிடித்து இழுத்து, ரொம்ப நேரம் வாயைக் கோணி, ஒரு வார்த்தையைக் கொண்டுவந்தாள்.

"தூக்காத."

இனிமேல் என்னைத் தூக்காதே என்றாள். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். அவள் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லார் வீட்டு வேலையும் முடிந்து என் வீட்டுப் பின்சுவர்ப் பக்கம் போய் நின்றேன். பாப்பாயி வீட்டு வாரியை நான் ரோட்டுக்குத் திருப்பியிருந்தேன். ஆனால் வடக்கே மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் முழுவதும் எங்கள் பின்சுவருக்குத்தான் வரும். அதைக் கிழக்கே வெட்டிவிட அரை மணி நேரம் ஆகும். மண்வெட்டி கையில்தான் இருந்தது. உள்ளே திருப்பு என்றாள். மண்வெட்டியைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். அப்புறம் வெளியே வரவில்லை. கை ஓய்ந்துபோயிருந்தது என்று உங்களிடம் நேற்றுச் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அன்றைக்கே மத்தியானம் தெருவே ரேஷன் கடையில் நின்றுகொண்டிருந்தது. புயலுக்கு முன்னால் அரிசி போட்டுவிடுகிறார்கள் என்று எல்லாரும் ஓடியிருந்தார்கள். திரும்பி வந்த பாப்பாயி, அண்ணியை எப்படிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப் போகிறாய், நாலு பேர் பிடித்தால் கட்டிலோடு தூக்கிவிடலாம், நான் ஆள் சொல்கிறேன் என்றாள். மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். நீங்கள் எல்லாரும் கடையில் நின்றபோது மருமகன் ஆட்டோவோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார் என்றேன். நான் முன்கூட்டி யோசித்து வைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. வந்த பிறகு யோசித்தால் நன்றாகத்தான் இருந்தது.

பாப்பாயி பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. அந்த ஸ்கூல்ல போன வருசம் பட்டது போதும் அதுக்கு" என்றாள். பாருங்கள், அவளுக்கே தெரிந்திருந்தது.

புதன்கிழமை காலையில் காற்று இல்லை. வானம் மட்டும் பழுத்த இலை மாதிரி மஞ்சளாக இருந்தது. கஞ்சி காய்ச்சி ஊட்டினேன். வழக்கத்தைவிட ஒரு டம்ளர் கூடவே குடித்தாள். உடம்பு துடைத்து, வெளுத்த சேலை ஒன்றைச் சுற்றினேன். ஒவ்வொரு சாமானாக நான் மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். டிவியைச் சாக்கில் போட்டேன். கேஸ் சிலிண்டரைக் கழற்றினேன். ரேஷன் கார்டு, ஆதார், பாங்க் புத்தகம், அவளுடைய ஊனமுற்றோர் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். வெளியே பாப்பாயி ஆடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உள்ளே வர வேண்டிய அவசியம் வரவில்லை. சாமான்களை நானே வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தேன். வாசலிலிருந்து கட்டில் தெரியாமல் எப்போதும் ஒரு பழைய சேலை தொங்கும்.

கடைசியாக உள்ளே போனேன். காத்தாயி என்னைப் பார்த்தாள். "ஸ்கூ" என்றாள். ஸ்கூலா என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

"நீதான வேணாம்ன" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், வெளியே கேட்காத மாதிரி.

அப்புறம் திருப்பு என்றாள். வாசலைப் பார்த்துக் கிடந்தவளைச் சுவர்ப் பக்கம் பார்க்கப் புரட்டி, முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டு, வெளியே வந்து கதவைப் பூட்டினேன். அப்போது மணி பத்து.

பூட்டைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். புயல் நேரத்தில் தலையாரியும் இரண்டு பேரும் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். கதவு திறந்திருந்தாலோ சும்மா சாத்தியிருந்தாலோ உள்ளே போய்க் கிழவன் கிழவி யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். வெளியே பூட்டுத் தொங்கினால் ஆளில்லை என்று அர்த்தம். கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் பக்கம் எப்போதும் அப்படித்தான். பூட்டை உடைத்துப் பார்த்து, அப்புறம் அண்டாவைக் காணோம் என்று பேச்சு வாங்க யாருக்கு ஆசை?

பதினோரு மணிக்குப் பழனிவேல் வந்தார். எந்தக் கூரை எப்படி என்று தெரியும் என்பதால் என்னையும் கூட வரச் சொன்னார். பன்னிரண்டு வீடு பார்த்தோம். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் வரமாட்டேன் என்று அடம் பிடித்தார், நான்தான் பேசிக் கிளப்பினேன். என் வீட்டுக்கு வந்ததும் அவர் பூட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "காத்தாயி?" என்றார்.

"மக வூட்ல சார்."

கோடு போட்டார். காற்று அப்போதுதான் லேசாகக் கிளம்பியிருந்தது. கதவுக்கும் எங்களுக்கும் நாலு அடி இருக்கும். உள்ளேயிருந்து சத்தம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. அவர் காதில் அது விழவில்லை, அவர் அடுத்த வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். எனக்குப் பழகிய சத்தம். அவர் மேல் தப்பில்லை, அவர் வேலைக்கு ஒன்றும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் மகள் போன் பண்ணியது. அங்கேயும் காற்று ஆரம்பித்துவிட்டது, பெரம்பலூர் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது என்றது. அப்புறம் கேட்டது.

"அம்மாவத் தூக்கிட்டுப் போயிட்டீங்களாப்பா ஸ்கூலுக்கு?"

"ம்."

"குடுங்களேன் அம்மாகிட்ட. ஒரு வார்த்த பேசுறேன்."

"தூங்குதும்மா" என்றேன்.

ஆக, தெருவுக்கு ஒரு பதில் சொன்னேன், மகளுக்கு ஒரு பதில் சொன்னேன். இரண்டு பக்கமும் நிம்மதியாக இருந்தார்கள். இப்போது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று எனக்குப் புரிகிறது. அன்றைக்கு அவை பக்கத்தில் இல்லை.

இரண்டு மணிக்குக் காற்று வந்தது. ஜன்னல் எல்லாம் அடித்துக்கொண்டது. பெண்கள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டார்கள். யார் வீட்டுத் தகரமோ மைதானத்தில் புரண்டு புரண்டு போனது. ஒவ்வொருத்தராக வந்து, பூமாலை, கயிறு தாங்குமா என்று என்னைக் கேட்டார்கள். தாங்கும் என்றேன். மழை ஊற்ற ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் ஆனபோது மேட்டுத் தண்ணீர் இந்நேரம் சுவருக்கு வந்திருக்கும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நடந்தால் எட்டு நிமிஷம். வாசலில் போலீஸ்காரர் ஒருவர் யாரையும் வெளியே விடவில்லை. நான் அவரிடம் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்தேன். அப்படியே தூங்கிவிட்டேன்.

இதை மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். நன்றாகத் தூங்கினேன். இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. சாப்பாட்டுக்கு எழுப்பியிருக்கிறார்கள், எழவில்லையாம். கண் விழித்தபோது விடிந்திருந்தது. கொஞ்ச நேரம் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ரோட்டில் விழுந்து கிடந்த புளியமரத்தை வெட்ட ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகாமல் ஏன் மரம் வெட்டப் போனாய் என்று கேட்டீர்கள். மரம் கிடந்தால் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று நினைத்தேன். யாருக்கு ஆம்புலன்ஸ் என்று நினைக்கவில்லை.

பாப்பாயிதான் வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். அரிவாளை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "அண்ணே, அண்ணி உள்ள இருக்குண்ணே" என்றாள். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இதுவரைக்கும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்ப்பதும் இல்லை.

பின்சுவர் முழுவதும் உள்பக்கமாக உட்கார்ந்திருந்தது. கட்டில் அதன் அடியில் நசுங்கிக் கிடந்தது. கட்டிலில் அவள் இல்லை. இரண்டு வருஷமாகத் தானாக ஒரு சாண்கூட நகராதவள், சுவரைப் பார்த்துப் புரட்டி வைத்தவள், கட்டிலிலிருந்து இறங்கி, பத்தடி நகர்ந்து, வாசல் கதவு வரைக்கும் வந்திருந்தாள். சுவர் அவளைத் தொடவே இல்லை. கூரை சரிந்தபோது விட்டம் இடுப்பில் விழுந்திருந்தது. சுவர் விழுந்த பிறகும் இரவு வரைக்கும் உயிர் இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருப்பதை நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். இடது கை நகத்தில் கதவின் பச்சைப் பெயிண்ட் இருந்தது என்றும் படித்தீர்கள். முன்சுவரும் கதவும் அப்படியே நின்றன. பூட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பூட்டியது நான். வாரி வெட்டாமல் விட்டது நான். இரண்டு பொய்யும் நான் சொன்னது. அந்தச் சுவர் விழும் என்று எனக்குத் தெரியும், அதைவிட நன்றாக இந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. என் மகளுக்கும் மருமகனுக்கும் இதில் எதுவும் தெரியாது. இதை யார் வற்புறுத்தலும் இல்லாமல் என் கையால் எழுதுகிறேன்.

கதவுகிட்ட அவள் எதற்கு வந்தாள் என்று கேட்டுவிட்டு என்னையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதில் கேட்க ஒன்றுமில்லை அய்யா. அவளோடு முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். அந்தக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. யாரும் வந்து தன்னைத் தூக்கிவிடக் கூடாது என்று, அதைப் போடத்தான் வந்திருப்பாள்.